தின்னாமல் விட்ட இலை

வாசகர் கேள்விகள்: பதில் அளிப்பவர் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை, தண்டையார்பேட்டை

பூந்தொட்டியை நகர்த்தினால் சிதறி ஓடும் சாம்பல் நிறப் பூச்சியைப் பற்றி மூன்று வாரங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் நான்கு வரி எழுதினேன். ஒரு பொருள் நஞ்சா என்று சோதிக்க ஆய்வகங்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது கடைசி வரி. வந்த கடிதங்கள் எல்லாம் அந்தக் கடைசி வரிக்குத்தான். ஆகவே இந்த வாரம் வேறு கேள்வி இல்லை.

அம்மா, என் மகள் பி.எஸ்ஸி. விலங்கியல் கடைசி ஆண்டு படிக்கிறாள். இந்தச் சாம்பல் பூச்சியை வளர்த்து, அது எவ்வளவு இலை தின்கிறது என்று எடை போட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். வீட்டில் இருபது டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறாள். அக்கம்பக்கத்தில் சிரிக்கிறார்கள். இதெல்லாம் உண்மையிலேயே ஒரு படிப்பா?
— ஒரு தாய், திருவொற்றியூர்

சிரிக்க இதில் ஒன்றும் இல்லை அம்மா. உங்கள் மகளுக்குக் கிடைத்திருப்பது நல்ல வேலை. பொறுமை நிறைய கேட்கிற வேலையும்கூட.

முதலில், அது பூச்சியே அல்ல. காசிமேட்டில் நீங்கள் பேரம் பேசி வாங்கும் நண்டுக்கும் இறாலுக்கும் அது உறவு. பூச்சிக்கு மூன்று ஜோடிக் கால்கள், இதற்கு ஏழு ஜோடி. தரைக்கு ஏறி வந்த பிறகும் ஈரத்தை விட்டு அதனால் வாழ முடியவில்லை. வயிற்றின் பின்பக்க அடியில் தட்டையான உறுப்புகள் உண்டு. அவற்றால்தான் மூச்சு விடுகிறது. உடல் வறண்டால் இறந்துவிடும். பகலெல்லாம் தொட்டிக்கு அடியில் ஒளிந்திருப்பதன் காரணம் இதுதான். விலங்கியலில் இதை ஐசோபாட் என்போம். ஆய்வகங்களில் அதிகம் பயன்படுவது போர்செல்லியோ ஸ்கேபர் என்ற இனம். மரவட்டை வேறு, இது வேறு. மகளிடம் கேளுங்கள், கால்களை எண்ணிக் காட்டுவாள்.

மட்கிய சருகைத் தின்பதுதான் இதன் வாழ்க்கை. வானத்திலிருந்து படிகிற தூசியும், வேர் வழியாக ஏறிய உலோகமும் இலையோடு சேர்ந்து மண்ணில் விழுகின்றன. அந்த இலை இதன் வாய்க்குத்தான் போகிறது. ஒரு பொருள் நஞ்சா என்று பார்க்கப் பழைய வழி, எத்தனை செத்தன என்று எண்ணுவது. ஆனால் உயிர் போவதற்கு வெகு முன்பே பசி போய்விடும். நம் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்பது நமக்கு முதலில் எப்படித் தெரிகிறது? தட்டில் சோறு மிச்சம் இருக்கும். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். இந்தச் சோதனையும் அதே வழியில்தான் நடக்கிறது. தின்னாமல் விட்ட இலையை எடை போடுகிறார்கள்.

1990-களில் ஸ்லோவேனியாவின் லுப்லியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாமியானா டிரோப்னேயும் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவ் ஹாப்கினும் சேர்ந்து, துத்தநாகத்தை வைத்து இந்தச் சோதனைக்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவர முயன்றார்கள். நிலத்து நஞ்சைச் சோதிக்க இந்த உயிரி ஏன் ஏற்றது என்று 1997-ல் டிரோப்னே எழுதிய கட்டுரையை இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

செய்முறையைச் சொல்கிறேன். ஒரு பெட்ரி தட்டில் ஒரே ஓர் உயிரி. உலர்த்தி எடை பார்த்த ஓர் இலைத் துண்டு. சோதிக்க வேண்டிய பொருளைக் கரைத்து, மெல்லிய தூரிகையால் இலையின் அடிப்பக்கத்தில் பூசிக் காய வைக்க வேண்டும். ஒரு குழுவுக்கு வெறும் தண்ணீர் பூசிய இலை. மற்றக் குழுக்களுக்கு ஏறுமுகமாகப் பல அளவுகள். தட்டுகளை எல்லாம் ஈரம் காக்கும் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, 14 நாளோ 28 நாளோ விட்டுவிடுவார்கள். புழுக்கைகளை இடுக்கியால் பொறுக்கி எடுத்து, அவற்றையும் எடை போட வேண்டும். கடைசியில் மிச்ச இலையை உலர்த்தி மறுபடி எடை போட வேண்டும். உயிரியின் எடை 30, 40 மில்லிகிராம்தான் இருக்கும். நான்கு தசமம் காட்டும் தராசு இல்லாமல் இதில் இறங்கவே கூடாது.

புழுக்கையை ஏன் எடை போடுகிறார்கள் என்று உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள். தின்றது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்ற இரண்டும் தெரிந்தால்தான் உடம்பில் ஒட்டியது எவ்வளவு என்று தெரியும். சில நஞ்சு பசியைக் குறைக்கும். சில நஞ்சு பசியை விட்டுவைத்துச் செரிமானத்தைக் கெடுக்கும். இலையின் எடையை மட்டும் பார்த்தால் இரண்டாவது வகை நம் கண்ணில் படாமல் போய்விடும். புழுக்கையைப் பொறுக்காமல் விட்டால் அது தன் புழுக்கையைத் தானே தின்றுவிடும். அசிங்கம் என்று நினைக்க வேண்டாம். இதன் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பது செம்பு. நமக்கு இரும்பு போல. ஒருமுறை உடலைக் கடந்த உணவில் மிஞ்சியதைத் திரும்ப எடுத்துக்கொள்வது அதற்குப் பிழைப்பு. ஆகவே புழுக்கையை அகற்றுவதே அதற்கு ஒரு தொல்லைதான். எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நேரத்தில், ஒரே விதமாக அகற்ற வேண்டும் என்று மகளிடம் சொல்லுங்கள்.

பூச்சி இல்லாத தட்டிலும் ஓர் இலையை வைக்கச் சொல்லுங்கள். இலை தானாகவும் மட்கி எடை குறையும். அந்தக் குறைவைக் கழிக்காவிட்டால் பூச்சி தின்னாத இலையும் தின்றதாகக் கணக்கில் ஏறும்.

இன்னொன்றை எழுதாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் கல்லூரியில் முதன்முதலாக இதைச் செய்தபோது நஞ்சு பூசாத குழுவே சரியாகத் தின்னவில்லை. நஞ்சு பூசிய குழுவுக்கும் அதற்கும் வேறுபாடே தெரியவில்லை. மூன்று மாணவிகள் மூன்று வாரம் விடுமுறை நாளிலும் வந்து புழுக்கை பொறுக்கியிருந்தார்கள். இலையைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பஸ் நிறுத்தத்துப் பாதாம் மரத்தடியில் அன்றன்று சிவந்து விழுந்த இலை. லாரி போகிற சாலை. விரலால் தேய்த்தால் விரல் கறுத்தது. போதாததற்குப் பாதாம் இலையில் துவர்ப்பு அதிகம். கொளத்தூரில் வண்ண மீன் வளர்ப்பவர்கள் அதை ஊறவைத்து எடுக்கும் பழுப்புத் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். புது இலையை இது விரும்பாது. பூஞ்சை பிடித்து, மென்மையாகி, மண்வாசம் வந்த இலைதான் இதற்குச் சோறு. அந்தப் பருவத்தின் எண்கள் எதையும் நான் பயன்படுத்த விடவில்லை. அடுத்த பருவத்தில் சாலையே இல்லாத ஒரு தோப்பிலிருந்து இலை கொண்டுவந்து, தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, ஒரு மாதம் மட்கவைத்த பிறகே தட்டில் வைத்தோம். அந்த மாணவிகளில் இருவர் இன்று ஆசிரியைகள். இலை எங்கே பொறுக்கியது என்று தங்கள் மாணவர்களிடம் முதலில் கேட்பதாகச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய மகிழ்ச்சி வேறு இல்லை.

உயிரியைத் தேர்ந்தெடுப்பதிலும் அதே கவனம் வேண்டும். கண்ணாடித் தட்டில் விட்டு, தட்டைத் தூக்கிக் கீழிருந்து உருப்பெருக்கியால் பார்க்கச் சொல்லுங்கள். முன்கால்களுக்கு நடுவே சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அது சட்டை உரிக்கப் போகிறது; பழைய ஓட்டின் சுண்ணாம்பைப் பிரித்து அங்கே சேமித்து வைத்திருக்கிறது. அந்த நாட்களில் அது சரியாகத் தின்னாது. வயிற்றடியில் பை புடைத்து, உள்ளே முட்டைகள் மஞ்சளாகத் தெரிந்தால் அது சூல்கொண்ட பெண். அதையும் விலக்க வேண்டும். நஞ்சினால் பசி போனதையும் பருவத்தினால் பசி போனதையும் தராசு பிரித்துச் சொல்லாது.

கடைசியாக உங்களுக்கே ஒரு வேண்டுகோள். பூச்சி வளர்க்கும் டப்பா வீட்டில் இருக்கலாம். காட்மியம் உப்பு, ஈய உப்பு எதுவும் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. பூசுவது, கழுவுவது, கொட்டுவது எல்லாம் கல்லூரி ஆய்வகத்தில், கையுறையோடுதான்.

ஐயப்பாடு தீர்க்க வேண்டுகிறேன். எங்கள் வீட்டுப் பின்புறம் சிறு கீரைத் தோட்டம். செங்கல்லைப் புரட்டினால் இந்தச் சாம்பல் பூச்சிகள் நூற்றுக்கணக்கில். சுற்றிலும் தொழிற்சாலைகள். இவ்வளவு பூச்சி வாழ்கிறதென்றால் என் மண் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளலாமா?
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், மணலி புதுநகர்

எடுத்துக்கொள்ளக் கூடாது ஐயா. இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதால் அழுத்தியே சொல்கிறேன்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே ஏவன்மவுத் என்ற இடம். துத்தநாகமும் ஈயமும் உருக்கும் பெரிய ஆலை அங்கே 2003 வரை இயங்கியது. 1980-களில் ஹாப்கினும் அவருடன் வேலை செய்தவர்களும் அந்தப் பகுதி முழுவதும் இதே உயிரியைப் பிடித்து, அதன் உடலில் இருந்த துத்தநாகம், காட்மியம், ஈயம், செம்பு ஆகியவற்றை அளந்து, மாசு எங்கே அதிகம் என்று காட்டினார்கள். 1986-ல் அது கட்டுரையாக வந்தது. அதாவது, ஆலைக்குப் பக்கத்திலும் இவை உயிரோடு இருந்தன. நஞ்சைச் சுமந்துகொண்டு இருந்தன. குடலை ஒட்டி நீளமான செரிமானக் குழாய்கள் இதற்கு உண்டு. வேண்டாத உலோகத்தைச் சிறு மணிகளாகக் கட்டி அந்தக் குழாய்களின் செல்களுக்குள் பூட்டி வைத்துவிடும். நாம் பயன்படாத பாத்திரங்களைப் பரணில் போடுவது போல. பரண் கொள்ளும் வரை வீட்டுக்குள் நடமாட்டம் தடைப்படாது.

அந்த ஆலைக்கு அருகே இருந்த காட்டில் இன்னொன்றையும் கண்டார்கள். தரையில் சருகு மட்காமல் அடுக்கடுக்காகக் குவிந்து கிடந்தது. மட்கச் செய்கிற உயிர்களில் பல அங்கே அருகிவிட்டன. உங்கள் தோட்டத்தில் உற்றுப் பார்க்க வேண்டியது பூச்சிகளின் எண்ணிக்கையை அல்ல. போன பருவத்துச் சருகு என்ன ஆயிற்று, மண்புழு உண்டா என்று பாருங்கள். அப்படியும் அது ஒரு குறிப்புதான், தீர்ப்பு ஆகாது.

கீரை விஷயத்தில் நான் சொல்லக்கூடியது இது. இலைக்காய்கறிகள் மண்ணிலிருந்து காட்மியத்தை எளிதாக ஏற்றிக்கொள்ளும். ஈயம் பெரும்பாலும் மேலே படியும் தூசியிலிருந்தும் ஒட்டும் மண்ணிலிருந்தும் வரும். தோட்டத்தில் நான்கைந்து இடங்களில் மண் எடுத்துக் கலந்து, ஈயமும் காட்மியமும் பார்க்கச் சொல்லி ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். தழை, மணி, சாம்பல் சத்து மட்டும் பார்க்கிற சாதாரண மண் பரிசோதனையில் இவை வராது. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். முடிவு வரும் வரை, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணும் தொழுவுரமும் நிரப்பிய தொட்டிகளில் கீரை போடுங்கள். பலமுறை அலசிய பிறகு ஆயுங்கள். பேரப்பிள்ளைகள் அந்த மண்ணில் விளையாடினால் கையைக் கழுவாமல் சாப்பாட்டில் உட்கார விடாதீர்கள்.

டீச்சர், காற்று அடித்தால் எங்கள் தெருவில் நிலக்கரிச் சாம்பல் பறக்கிறது. துணி, தண்ணீர், செடி எல்லாவற்றிலும். கேட்டால் அது வெறும் தூசி என்கிறார்கள். நாங்கள் சில இளைஞர்கள் சேர்ந்து, அந்தச் சாம்பலை இலையில் தூவி இந்தப் பூச்சிகளுக்குக் கொடுத்து, அவை தின்ன மறுப்பதை வீடியோ எடுத்து மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் காட்டலாம் என்று இருக்கிறோம். சரியா?
— ஓர் இளைஞர், எண்ணூர்

தம்பி, உன் கோபம் எனக்குப் புரிகிறது. 2017 ஜனவரி 28-ல் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அதை அள்ளியதைப் பார்த்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதையும் பார்த்தேன். அவை கறுப்பாக, கண்ணுக்கு முன்னால் கிடந்தன. அப்படி ஒன்றும் இல்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சாம்பல் அப்படி அல்ல. கொஞ்சம் கொஞ்சமாகப் படியும். அதனால்தான் அளந்து காட்ட வேண்டியிருக்கிறது. அளப்பதில் ஓட்டை இருந்தால் உங்கள் பக்கத்து நியாயமும் சேர்ந்து ஒழுகிவிடும்.

நீ சொன்ன வீடியோவைக் கூட்டத்தில் ஒருவர் ஒரே கேள்வியில் முறித்துவிடுவார்: "எந்தப் பொடியைத் தூவினாலும் தின்னாதே?" அது நியாயமான கேள்வி. பொடி இலையை மூடும், ஈரத்தை உறிஞ்சும், வாயுறுப்பில் ஒட்டும். ஆகவே மூன்று குழு வேண்டும். ஒன்று, வெறும் இலை. இரண்டு, நன்றாகக் கழுவி நுண்ணியதாகச் சலித்த, நச்சு உலோகம் இல்லாத களிமண் தூசி தூவிய இலை. மூன்று, அதே எடைக்குச் சாம்பல் தூவிய இலை; அதிலும் பல அளவுகள். இரண்டாவது குழு தின்று மூன்றாவது குழு தின்னாவிட்டால்தான் சாம்பலுக்குள் ஏதோ இருக்கிறது என்று பேசலாம். நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், காட்மியம், பாதரசம் எல்லாம் சிறு அளவில் இருப்பது தெரிந்த விஷயம். உங்கள் தெருவில் படிந்ததில் எவ்வளவு என்பதை ஆய்வுக்கூடம் தனியாக அளந்து தர வேண்டும். இந்த இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். எந்தத் தட்டு எந்தக் குழு என்பது எடை போடுகிறவருக்குத் தெரியக் கூடாது. எண் மட்டும் ஒட்டுங்கள்.

இரண்டு விதமாகவும் செய்து பாருங்கள். ஒரே இலையைக் கொடுத்து எவ்வளவு தின்கிறது என்று பார்ப்பது ஒரு விதம். நல்ல இலை, சாம்பல் இலை இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எதற்குப் போகிறது என்று பார்ப்பது இன்னொரு விதம். முதலாவதில் குறைவாகத் தின்றால் அது நோயாகவும் இருக்கலாம், வெறுப்பாகவும் இருக்கலாம். இரண்டாவதில் நல்ல இலையை மட்டும் நிறையத் தின்றால் பசி இருக்கிறது, சாம்பலைத்தான் ஒதுக்குகிறது என்று பிரிந்துவிடும். ஆனால் தம்பி, தட்டில் அதற்கு இன்னோர் இலை உண்டு. தெரு முழுக்கச் சாம்பல் படிந்தால் ஒதுங்க இடம் ஏது? அங்கே அது தின்றாக வேண்டும், அல்லது பட்டினி கிடக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைக் கூட்டத்தில் சொல். யாராலும் மறுக்க முடியாது.

மண்ணிலேயே செய்யக்கூடிய எளிய முறை ஒன்றும் இருக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் பட்டையில் வரிசையாக 16 துளைகள். துளைகளில் செல்லுலோஸ் பொடி, தவிடு, கொஞ்சம் கரித்தூள் மூன்றையும் பிசைந்து அடைத்து, பட்டையை மண்ணில் செங்குத்தாகச் செருகிவிட வேண்டும். சில நாள் கழித்து எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து எத்தனை துளை காலி என்று எண்ண வேண்டும். மண்ணில் உள்ள உயிர்கள் எவ்வளவு தின்கின்றன என்பதை அது காட்டும். 2016-ல் இதற்கு ஐ.எஸ்.ஓ. 18311 என்ற பன்னாட்டுத் தரமுறையே வந்துவிட்டது. சாம்பல் விழும் இடத்தில் சில பட்டைகள், அதே மாதிரி மண்ணும் ஈரமும் உள்ள விழாத இடத்தில் சில பட்டைகள். பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறையைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்; அவர்கள் கையெழுத்து இருந்தால் தாளுக்கு எடை கூடும்.

ஒரே எச்சரிக்கை. "பூச்சி தின்னவில்லை, எனவே மனிதருக்கு ஆபத்து" என்று எழுதிவிடாதே. இந்தச் சோதனை மண்ணுயிரைப் பற்றித்தான் பேசும். மனிதருக்கு என்ன என்பதை இரத்தப் பரிசோதனையும் மருத்துவரும் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி மிகையானால், உண்மையாக எழுதிய ஐம்பது வரிகளையும் அதைக் காட்டியே ஒதுக்கிவிடுவார்கள்.

மிஸ், நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். இந்தப் பூச்சி கடிக்குமா? விஷம் எதுவும் போடாமல், அது தின்பதை மட்டும் நான் வீட்டில் பார்க்க முடியுமா?
— ஒரு மாணவி, வியாசர்பாடி

கடிக்காது மகளே. பயமில்லாமல் பார்க்கலாம். விஷம் போடாமல் என்று நீயே கேட்டிருக்கிறாய், அது எனக்கு மிகவும் பிடித்தது.

மூடியில் சிறு துளைகள் போட்ட, ஒளி ஊடுருவும் டப்பா ஒன்றை எடுத்துக்கொள். அடியில் ஈர மண், ஒரு மூலையில் நனைத்த பஞ்சு. அதை ஒருநாளும் காய விடாதே. தொட்டிக்கு அடியில் ஏற்கெனவே மட்கிக் கிடக்கும் இலை ஒன்றை எடுத்து, கட்டம் போட்ட தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொள். பிறகு டப்பாவில் வைத்து ஐந்தாறு பூச்சிகளை விடு. நிழலில் இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து இலையை அதே தாளில் வைத்தால் எத்தனை கட்டம் காணாமல் போயிருக்கிறது என்று எண்ணலாம். நரம்பை விட்டுவிட்டு நடுவில் உள்ள மெல்லிய சதையைத் தின்றிருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் வலை போலத் தெரியும். மண்ணில் கறுப்பாகச் சின்னச் சின்னச் செவ்வகங்கள் கிடந்தால் அவை அதன் புழுக்கை. பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடு.

நடுவில் ஒரு நாள், முன்பாதி சாம்பல் நிறமாகவும் பின்பாதி வெளுத்தும் ஒன்று தென்பட்டால் பயப்படாதே. அது நோய் அல்ல. இந்த உயிரி சட்டையை இரண்டு தவணையாக உரிக்கும். பின்பாதி கழன்றுவிட்டது, முன்பாதி அடுத்து. தொடாமல் விட்டுவிடு. அப்போது அது பெரும்பாலும் தின்னாது. அதை உன் கணக்கில் சேர்க்காதே.